ரசிகன் தோற்ற நாள்

ஹாக்கி என்றால் எனக்கு உயிர். 2024 ஆகஸ்ட் 6 இரவு, விடுதித் தொலைக்காட்சியின் முன் கூடியிருந்தோம். பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் எதிரணி ஜெர்மனி. முதல் கோல் நம்முடையது! 1980இல் மாஸ்கோவில் பாஸ்கரன் தலைமையில் பெற்ற தங்கம் மீண்டும் கிட்டும் என்றே நம்பினேன். ஆட்டம் முடிய ஆறு நிமிடமே இருக்கையில் ஜெர்மனியின் மூன்றாவது கோல் விழுந்தது. 2-3 எனத் தோற்றோம். அன்றிரவு உறக்கமில்லை. "இனி ஹாக்கியே பார்க்கமாட்டேன்" என்று நண்பர்களிடம் சூளுரைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, மாலையில், ஸ்பெயினுடன் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம். நான் அறையில் படுத்துக்கிடந்தேன். ஆரவாரம் கேட்டு ஓடினேன். 2-1 என வென்று ஆட்டம் முடிந்திருந்தது. கோல்காவலர் ஸ்ரீஜேஷின் கடைசி ஆட்டம் அது!

தோற்றவர்கள் எழுந்து ஆடினார்கள். ரசிகனாகிய நான்தான் எழவில்லை. அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.