உங்கூர், எங்கூர்

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் திருப்பூர் ஒரு சுற்று வேகமாக ஓடும். வாரச் சம்பளம் கைக்கு வரும் நேரம். பனியன் கம்பெனி வாசலில் சைக்கிள் கூட்டம், டீக்கடைக்காரரின் பாக்கி நோட்டு, காதர்பேட்டைப் பக்கம் செகண்ட்ஸ் துணி விற்கும் கூச்சல். உள்ளே கடைசி லாட்டை முடிக்க ஓவர்லாக் மிஷின்கள் மூச்சு விடாமல் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலில்தான் வீட்டுப்பாடம் எழுதினேன், துணிக்கட்டின் மேல் படுத்துத் தூங்கினேன். இன்று நியூ ஜெர்சியில் என் வீடு அமைதியான வீடு. ஜன்னலைச் சாத்தினால் ஒரு சத்தம் உள்ளே வராது. இத்தனை வருஷமாகியும் அந்த அமைதியில் எனக்குச் சரியாகத் தூக்கம் பிடிப்பதில்லை.

அப்பா கட்டிங் மாஸ்டர். அம்மா பேட்லாக் டெய்லர். "ஏனுங், டீ வந்துருச்சுங்" என்று முதலாளியையும் உதவிக்கு நிற்கும் கைமடிப் பிள்ளையையும் ஒரே மரியாதையில் கூப்பிடும் குரல் அவளுடையது. இப்போதும் தினமும் போனில் பேசுகிறாள். ஆனால் நாற்பது மிஷின்களின் சத்தத்தைத் தாண்டி வர வேண்டி உயர்ந்த குரல் அது. போனில் வருவது தணிந்த, வயசான குரல். இது வேறு.

ஆபீசில் என் பெயரின் முதல் பாதிதான் புழக்கத்தில் இருக்கிறது. தமிழ்ச் சங்க விழாவுக்குப் போனால் பட்டுச்சேலை, பூ, எல்லா ஊர்க்காரருக்கும் பொதுவான ஒரு தமிழ். திருப்பூரில் இருந்த காலத்தில் இவ்வளவு தமிழச்சியாக நான் இருந்ததே இல்லை. அங்கே எதையும் யாருக்கும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அரிசிம்பருப்புச் சோறு தின்றேன், அம்மாவுக்குத் தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுபோனேன், வாய்க்கு வந்தபடி பேசினேன், அவ்வளவுதான் நான். இங்கே இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் வேஷம் கட்ட வேண்டியிருக்கிறது. இரண்டும் பொய் என்று சொல்ல மாட்டேன். களைப்பாக இருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் அந்தக் களைப்பு தெரிந்திருக்கும்.

ஒருமுறை ஆபீசில் எல்லோருக்கும் டீ-சர்ட் கொடுத்தார்கள். வழக்கம்போல உள்பக்கம் திருப்பி, தோள் டேப்பையும் கை மடிப்பையும் தடவிப் பார்த்தேன். அக்குளில் ஓவர்லாக் முடிகிற இடத்தில் விரற்கடை நீளத்துக்கு நூல் தொங்கியது. பிசிறு. எந்தப் பிள்ளையின் கத்தரிக்குத் தப்பியதோ. நிமிர்ந்தால், எதிர் மேஜைச் சீனத்துப் பெண்ணும் தன் சட்டையை அப்படியே திருப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா மன்ஹாட்டன் சைனா டவுனில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர். 1982 கோடையில், யூனியன் ஒப்பந்தத்துக்காக ஏறத்தாழ 20,000 தையல் தொழிலாளிகள், பெரும்பாலும் சீனப் பெண்கள், தெருவில் இறங்கினார்களே, அந்தக் கூட்டத்தில் இருந்தவர். 1882 முதல் 1943 வரை சீனத் தொழிலாளிகள் நுழையவே சட்டம் போட்டுத் தடுத்த நாடு இது. இங்கேயே பிறந்த இவளிடம் இன்னமும் 'நிஜத்தில் எந்த ஊர்' என்று கேட்கிறார்கள். எனக்காவது சொல்லிக்கொள்ள ஓர் ஊர் உண்டு. அவளுக்கு அம்மாவின் தையற்கடைதான் ஊர், அதையும் மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் முன்னால் மட்டும் நான் எந்த வேஷமும் கட்டுவதில்லை.

குடியுரிமை எடுத்த அன்று வலக்கையை உயர்த்தி நின்றேன். எதிரே கொடி. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாக வேண்டும். வாய் உறுதிமொழியை வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருக்க, மனசு திருப்பூரில் குமரன் நினைவகத்தின் முன்னால் போய் நின்றுகொண்டது. 1932 ஜனவரியில் போலீஸ் தடியடியில் விழுந்தும் கையில் பிடித்த கொடியை விடாதவர். அவர் பேரில் இருக்கும் ரோட்டில் நடந்து பள்ளிக்கூடம் போனவள் நான். உறுதிமொழியை மனதாரத்தான் சொன்னேன். ஆனாலும்.

திரும்பிப் போனால் எல்லாம் அப்படியே கிடைக்குமா? அம்முச்சி குளித்த நொய்யல் ஆற்றை நான் கண்ணால் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த நொய்யல் அன்றன்றைக்குப் போட்ட சாயத்தின் நிறத்தில் ஓடியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு. முதுகுவலி வந்து அம்மா மிஷினை விட்டுச் செக்கிங்குக்கு மாறிவிட்டாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை, வீட்டில் பொழுது போகாதாம். அவள் மிஷினில் இப்போது உட்காருவது ஒடிசாவிலிருந்து வந்த பையன். சம்பளம் வாங்கினதும் ஊருக்குப் பணம் போட்டுவிட்டு, ஒரு மூலையில் நின்று அவன் அம்மாவிடம் பேசுவானாம். "என்ன பேசறான்னு தெரியல கண்ணு, ஆனா உன்னையாட்டமே பேசறான்" என்றாள்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியாவிலிருந்து வரும் துணிமணிக்கெல்லாம் அமெரிக்கா 50 சதவீத வரியைக் கூடுதலாகச் சுமத்தியது. எனக்குச் சோறு போடுகிற நாடு, என்னை வளர்த்த ஊரின் பிழைப்பில் கை வைத்தது. ஆபீசில் சட்டை விலை ஏறுமா என்று பேசிக்கொண்டார்கள். அந்தச் சீனத்துப் பெண் மட்டும் பக்கத்தில் வந்து, உன் அம்மாவுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டாள். அவளுக்குத்தான் கேட்கத் தோன்றியது.

அன்றைக்கு ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டேன். "உங்கூர்லதான் வரி போட்டுட்டாங்களாமா, ஏஞ்சாமி?" என்றாள். கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆமாங்மா, எங்கூர்லதான்" என்றேன். இந்த வாரம் எத்தனை ஷிப்ட் ஓடியது என்று கேட்டேன். சொன்னாள்.