துபாய் எத்தனை மணி தூரம்?

கொச்சியிலிருந்து துபாய் எத்தனை மணி தூரம் என்னும் கேள்வி நம் குடும்பங்களில் அடிக்கடி எழுவதுண்டு. கடல் கடந்த மைந்தர் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. விமானத்தைப் பற்றிப் புகைவண்டி நிலைய எழுத்தருக்கு என்ன தெரியும் என அன்பர்கள் வினவலாம். கால அட்டவணையோடு பழகுவதே என் தொழில்; அப்பழக்கம் இங்கும் உதவியது.

நெடும்பாசேரியிலிருந்து துபாய்க்கு வான்வழித் தொலைவு ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர். எர்ணாகுளத்திலிருந்து புதுதில்லிக்குக் கேரளா எக்ஸ்பிரஸ் செல்லும் பாதையும் ஏறக்குறைய அவ்வளவே. வண்டிக்கு அதனைக் கடக்க இரண்டு நாள் வேண்டும். விமானத்திற்கோ சுமார் நான்கு மணி நேரம் போதும். வான்வழியே தில்லி 2,050 கிலோமீட்டர்தான். மலையும் ஆறும் பார்த்து, ஊர் ஊராக வளைந்து செல்வதால் இருப்புப்பாதை நீளுகிறது.

புகைவண்டிக்கு ஒரே கடிகாரம். முற்காலத்தில் இந்திய இருப்புப்பாதைகள் சென்னை நேரத்தைக் கைக்கொண்டிருந்தன. 1906-இல் இந்தியப் பொதுநேரம் வந்தது. வெளிநாட்டு விமானச் சீட்டிலோ கடிகாரங்கள் இரண்டு. புறப்படும் நேரம் புறப்படும் ஊருக்குரியது. சேரும் நேரம் சேரும் ஊருக்குரியது. துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பிந்தியது. இங்கே காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் அங்கே பகல் 12.30-க்கு இறங்குவார். அது இரண்டரை மணிப் பயணம் அன்று. அங்கே விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டவர் இங்கே 9.30-க்கு இறங்குவார். அது ஐந்தரை மணிப் பயணமும் அன்று. இரண்டும் நான்கு மணியே.

இக்கணக்கு வெறும் ஏட்டுக்கணக்கு அன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் சிற்றப்பா இரவு 11.30 மணிக்குக் காலமானார். அவருடைய ஒரே மகன் துபாயில் இருந்தான். விடியற்காலை விமானத்தில் இடம் கிடைத்ததென்றும், 9.30-க்கு இறங்குவதாகவும் செய்தி அனுப்பினான். பெரியவர்கள் 10.30-க்கு எடுப்பதென முடிவு செய்தனர். வெயில் காலம்; அவர்கள் கவலையும் நியாயமே.

நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். சோதனைகள் முடிந்து வெளிவர ஒரு மணி. அங்கிருந்து மட்டாஞ்சேரி சுமார் 40 கிலோமீட்டர். ஆலுவா, இடப்பள்ளி நெரிசலைத் தாண்டித் தோப்பும்படி வழியே வந்துசேரக் காலை வேளையில் ஒன்றரை மணிக்குக் குறையாது. “பன்னிரண்டு ஆகிவிடும், பெரியப்பா, ஒரு மணிக்கு வையுங்கள்” என்றேன். அவர் தாளை இருமுறை பார்த்து, சரி என்றார். மகன் 12.10-க்கு வந்தான். தந்தையின் முகத்தைக் கண்டான். தன் கையாலேயே கொள்ளி வைத்தான்.

ஆதலின், விமானம் பறக்கும் நான்கு மணியை மட்டும் எண்ணாதீர்கள். புறப்பாட்டுக்கு முந்திய மூன்று மணியையும், இறங்கியபின் ஆகும் நேரத்தையும் சேர்த்து, வாசலிலிருந்து வாசல்வரை கணக்கிடுங்கள். பத்து மணி ஆகும். நல்ல நாளிலேயே அதனை எழுதி வீட்டுப் பெரியோருக்குச் சொல்லி வையுங்கள். துயர நாளில் கணக்குப் பார்க்க யாருக்கும் மனம் நிலைகொள்ளாது.