அக்காவின் வீட்டுச் சுவர்

2004ஆம் ஆண்டு தை மாதத்தில் முதன்முறையாக இலண்டனுக்குச் சென்றிருந்தேன். என் மூத்த சகோதரி நகரின் கிழக்கே ஈஸ்ற்ஹாமில் வசிக்கிறார். அவருடைய வீடு நூறு வயதை எட்டிய செங்கல் வீடு. ஒரே அச்சில் வார்த்தவைபோல் தெரு நெடுகிலும் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று. வெளியே ஐந்து பாகை குளிர் என்றால் உள்ளே பன்னிரண்டு பாகை. பின்னறை ஒன்றில் மாத்திரம் மாலை நான்கு மணி நேரம் வெப்பமூட்டி இயங்கும். அக்காவும் அத்தானும் பிள்ளையும் அந்த ஓர் அறைக்குள் கம்பளிச் சட்டைகளோடு குந்தியிருப்பார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தால், "தம்பி, கதவைச் சாத்திப்போட்டுப் போ, சூடு போகுது" என்று அக்காவின் குரல் பின்னால் வரும்.

இருவரும் வேலை செய்தார்கள், வருமானத்துக்குக் குறைவில்லை. ஆகவே இதைக் கஞ்சத்தனம் என்றே எண்ணிக்கொண்டேன். எண்ணியதோடு நிற்கவுமில்லை. ஒருநாள் இரவு சாப்பாட்டின்போது, "இப்பிடி மிச்சம்பிடிச்சு என்னக்கா செய்யப் போறியள்?" என்று கேட்டும்விட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. அத்தான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து ஜேர்மனிக்குப் போனேன். ஹம் நகரில் என் தம்பி அப்போது ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தான். அக்கா குடும்பத்தின் வருமானத்தில் பாதிகூட அவனுக்கு இருந்திராது. ஆனால் அவனுடைய வாடகை வீட்டில் எல்லா அறைக் கதவுகளும் திறந்தே கிடந்தன. பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு ஓடித் திரிந்தார்கள். வெப்பமூட்டியின் திருகு ஐந்தில் இரண்டாம் இலக்கத்தைத் தாண்டியதை நான் காணவில்லை. தம்பிக்கு வாழத் தெரிகிறது, அக்காவுக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். கொழும்புக்குத் திரும்பிய பின் உறவினர் பலரிடம் இதையே ஒரு கதையாகவும் சொல்லித் திரிந்தேன். செய்தியை இருதரப்பிலும் விசாரிக்காமல் எழுதக்கூடாது என்று இளைய நிருபர்களுக்குப் பாடம் நடத்திய காலம் அது.

நான் விசாரிக்கத் தொடங்கியது பதினெட்டு ஆண்டுகள் கழித்து. 2022இல் உக்ரேன் போரை அடுத்து ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியபோது அதுபற்றி ஒரு கட்டுரை எழுத அமர்ந்தேன். பிரித்தானியாவில் சராசரி வீடொன்றின் ஆண்டு எரிசக்திச் செலவுக்கான உச்சவரம்பு, 2021 ஒக்ரோபரில் 1,277 பவுணாக இருந்தது, 2022 ஏப்ரலில் 1,971 பவுணாகியது. அந்த ஒக்ரோபரில் அரசாங்கமே தலையிட்டு 2,500 பவுண் என்ற அளவில் அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இந்த இலக்கங்களின் பின்னால் போனபோதுதான் கட்டட விதிகள் கைக்கு அகப்பட்டன. அவற்றுக்குள் அக்காவின் வீடும் இருந்தது.

விடயம் சிக்கலானதன்று. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வெப்ப வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீற்றர் சுவர் வழியே எத்தனை வாற்று வெப்பம் வெளியேறுகிறது என்பதே ஒரு சுவரின் தரத்தை அளக்கும் இலக்கம். இங்கிலாந்தில் 1965ஆம் ஆண்டின் விதிகள் அது 1.7ஐத் தாண்டக்கூடாது என்றன. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1976இல் அது 1.0 ஆகவும், 1985இல் 0.6 ஆகவும், 1990இல் 0.45 ஆகவும் குறைந்தது. இன்று புதிய வீடுகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படுவது 0.18. அக்காவின் வீடு இந்த விதிகள் எதுவும் பிறப்பதற்கு முன்னரே கட்டப்பட்டது. ஒன்பது அங்குலச் செங்கல், நடுவில் இடைவெளியில்லை, வெப்பக் காப்பு என்று எதுவுமில்லை. 1.7 என்று வைத்தாலே அந்தச் சுவருக்குச் சலுகை காட்டியதாகும்.

முன்சுவரும் பின்சுவருமாக 50 சதுர மீற்றர், உள்ளே 20 பாகை, வெளியே 5 பாகை என்று கொள்வோம். அந்தச் சுவர்கள் வழியே மாத்திரம் இடைவிடாமல் 1,275 வாற்று வெளியேறிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு 30 கிலோவாற்று மணிக்கு மேல். 2022 குளிர்காலத்து எரிவாயு விலையில் நாளொன்றுக்கு மூன்று பவுண் தெருவுக்குப் போகிறது. கூரை, யன்னல், நிலம், கதவிடுக்கு எல்லாம் வேறு கணக்கு. அதே சுவர் இன்றைய நியமப்படி கட்டப்பட்டிருந்தால் வெளியேறுவது 135 வாற்று. பழைய குண்டு மின்விளக்குகள் இரண்டு எரிவதற்குச் சமம்.

தம்பியின் வீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜேர்மனியில் வெப்பக் காப்புக்கான முதல் ஒழுங்குவிதி 1977இல் வந்தது. 1995இன் திருத்தம் சுவரையும் யன்னலையும் தனித்தனியே பார்ப்பதை விட்டு, முழு வீட்டுக்குமாக ஓர் ஆண்டுக் கணக்கை வகுத்தது. கட்டடத்தின் வடிவத்துக்கேற்பச் சதுர மீற்றருக்கு 54 முதல் 100 கிலோவாற்று மணி வரைதான் வெப்பமூட்டத் தேவைப்படலாம் என்றது. எண்ணெய்க் கணக்கில் ஏறத்தாழ ஐந்து முதல் பத்து லீற்றர். தம்பி குடியிருந்தது அந்த விதிக்குப் பின் கட்டப்பட்ட மாடி. இதற்கும் முன்னரே, 1991இல், அந்நாட்டின் டாம்ஸ்ராற் நகரில் வொல்ப்காங் பைஸ்ற் என்பவரின் முயற்சியில் எழுந்த நான்கு வரிசை வீடுகள் இந்த அளவை 15க்கும் கீழே கொண்டுவந்து காட்டியிருந்தன. அதாவது ஒன்றரை லீற்றர் எண்ணெய். ஆக, தம்பிக்கு வாழத் தெரிந்ததன்று, அவனுடைய சுவருக்குத் தெரிந்திருந்தது.

பிரித்தானியருக்கு இது தெரியாததன்று. 2016 முதல் கட்டப்படும் வீடுகளெல்லாம் கரியமில வாயு மிச்சமின்றி இயங்க வேண்டும் என்று 2006இல் அறிவித்தார்கள். நாள் நெருங்கியதும் 2015இல் அதைக் கைவிட்டார்கள். கட்டுமானக் கம்பனிகளுக்குச் சுமை குறைந்தது. அந்த ஆண்டுகளில் கட்டப்பட்ட வீடுகளில் குடியேறியவர்கள் அந்தச் சுமையை மாதந்தோறும் எரிவாயுக் கட்டணமாகச் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் நூறு ஆண்டுகளுக்குச் செலுத்துவார்கள் என்றாலும் வியப்பில்லை. இங்கிலாந்தின் வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று 1919க்கு முன் கட்டப்பட்டது.

2023 கோடையில் மருமகன் கடன்பட்டு வீட்டைத் திருத்தினான். கூரைக்கு அடியில் தடித்த கம்பளிப் படுக்கை விரித்தார்கள். பின்சுவருக்கு வெளியிலிருந்து காப்புப் பலகை ஒட்டினார்கள். தெருப்பக்கச் செங்கல் முகத்தை மூட முடியாது என்பதால் அங்கே உட்புறமாக ஒட்டினார்கள். முன்னறை பத்துச் சென்ரிமீற்றர் ஒடுங்கியதில், அத்தான் வாங்கிய கண்ணாடி அலுமாரி பழைய இடத்தில் நிற்க மறுத்துவிட்டது. வீட்டை மதிப்பிட வந்தவர் எரிவாயுச் செலவு பாதியாகும் என்று சொல்லியிருந்தாராம். ஆண்டு முடிவில் கால்வாசிகூடக் குறையவில்லை.

"மாமா, எங்களை ஏமாத்திப்போட்டாங்கள்" என்று தொலைபேசியில் பொருமினான்.

ஏமாற்றியவர் எவருமில்லை. மதிப்பீட்டுக் கணக்கு, வாழும் அறையில் 21 பாகை வெப்பம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. அக்காவின் வீட்டில் அந்த வெப்பம் ஒருநாளும் இருந்ததில்லை. எரிக்காத எரிவாயுவை எப்படி மிச்சம்பிடிப்பது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களான மின்னா சுனிக்கா-பிளாங்க், றே கல்வின் இருவரும் ஜேர்மன் வீடுகளைப் பற்றி 2012இல் வெளியிட்ட ஆய்வு இதையே சொல்கிறது. மக்கள் வெப்பமூட்ட உண்மையில் செலவிட்டது, கணக்குச் சொன்னதைவிடச் சராசரியாக 30 வீதம் குறைவு. வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு இந்த இடைவெளி பெரிது. வெப்பக் காப்பு வீண்செலவு என்று வாதிடுவோர் இதைத் தமக்குச் சான்றாக எடுப்பதுண்டு. எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. ஓர் அறைக்குள் ஒடுங்கியிருந்த குடும்பம் ஐந்து அறைகளிலும் நடமாடுவது எந்தக் கட்டணச் சீட்டிலும் வராத வரவு.

2024 தை மாதத்தில் மீண்டும் போனேன். கதவுகள் திறந்திருந்தன. பேரப்பிள்ளை மேல்மாடியில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு இப்போது வேறொரு சங்கடம். இடுக்குகள் அடைபட்டதால் பிட்டு அவித்த ஆவி வெளியேறாமல் மூலையில் பூஞ்சணம் பிடிக்கும் என்று சொல்லி, சமையலறையில் ஒரு காற்றாடி பூட்டியிருந்தார்கள். அதோடு காலையும் மாலையும் ஐந்து நிமிடம் யன்னலை அகலத் திறக்கச் சொல்லியிருந்தார்கள். ஹம்மில் தம்பி மனைவி உறைபனியிலும் யன்னலைத் திறந்ததற்கு அன்று நான் காரணம் கேட்கவில்லை.

முன்னறையில் தனித்திருந்தபோது, 2004இல் நான் பேசிய பேச்சை நினைவூட்டினேன். 1995 இடப்பெயர்வுக்குப் பின் வவுனியாவில் அம்மா இருந்த ஒன்பது ஆண்டுகளும் வீட்டு வாடகையும் மருந்தும் யார் காசு என்பது எனக்குத் தெரியாததன்று. அந்தக் காசு எந்த அறையின் வெப்பத்திலிருந்து வந்தது என்பதுதான் அன்று தெரியவில்லை.

"அதை இப்ப என்னத்துக்குக் கிளறுறாய்" என்றார் அக்கா. சற்றுப் பொறுத்து, "அத்தான்தான் கனநாள் சொல்லிக்கொண்டிருந்தவர்" என்றார். அத்தான் 2019இல் காலமாகிவிட்டார்.