மூன்று வயதுக்காரியின் மாஸ்க்

2022 மார்ச் 7-ஆம் தேதி நியூயார்க் நகரம் பள்ளிக்கூடங்களில் மாஸ்க் கட்டாயத்தை விலக்கியது. இரண்டு முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு மட்டும் விலக்கவில்லை. ஐந்து வயதானவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது, சின்னவர்களுக்கு இன்னும் வரவில்லை என்பது நகர நிர்வாகம் சொன்ன காரணம். ஒரே வீட்டில் அண்ணன் ஒன்றாம் வகுப்பில் வெறும் முகத்தோடு உட்கார்ந்திருந்தான். தங்கை டேகேரில் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு இருந்தாள்.

அப்படியொரு வீட்டிலிருந்துதான் வழக்கறிஞரான என்னிடம் கட்சிக்காரர் வந்தார். திருச்சிப் பக்கத்துப் பெண், குவீன்ஸில் குடியிருப்பவர். மகளுக்கு மூன்று வயது, பேச்சு தாமதம். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் வைத்தார். முந்தின நாள் குழந்தை போட்டிருந்த மாஸ்க்குகள். ஓரமெல்லாம் கடித்து, எச்சில் ஊறி, ஒன்றில் நாடா அறுந்து கிடந்தது.

"தண்ணி கேட்டா டீச்சருக்குப் புரியலைக்கா. அழுதாத்தான் திரும்பிப் பாக்கறாங்க. ஊர்ல எங்க அக்கா பிள்ளைக்கு இதெல்லாம் கிடையாது. இங்க மட்டும் ஏன்?"

நியாயமான கேள்வி. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020-லேயே சொல்லிவிட்டன. இந்திய அரசின் வழிகாட்டுதலும் அதையே சொன்னது. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமோ இரண்டு வயதிலேயே கோட்டைப் போட்டது. அதிலும் தூங்கும்போது குழந்தைக்கு மாஸ்க் கூடாது. சாப்பிடும்போது போட முடியாது. ஆக, மதியம் அத்தனை பிள்ளைகளும் ஒரே அறையில் பாய்போட்டு மாஸ்க் இல்லாமல் தூங்கி எழுந்து, மறுபடி மாட்டிக்கொண்டார்கள். இதைப் பார்த்த எந்தப் பெற்றோருக்கும் பொறுமை போகத்தான் செய்யும்.

இரண்டு வழி இருந்தது. நகரத்தின் உத்தரவையே எதிர்த்து வழக்குப் போடலாம். அல்லது 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் இந்த ஒரு குழந்தைக்கு விலக்குக் கேட்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். உத்தரவை எதிர்க்கும் வழக்கு எவ்வளவு காலம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. பேசக் கற்கும் வயது அதுவரை காத்திருக்காது.

டேகேர் நடத்திய அம்மாள் எதிரி இல்லை. நகர சுகாதாரத் துறையின் லைசென்ஸில் நடப்பது அவருடைய இடம். இன்ஸ்பெக்டர் வந்து மாஸ்க் இல்லாத குழந்தையைப் பார்த்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவர் இன்னொன்றும் சொன்னார். அதே வகுப்பில் ஒரு பையனின் அக்கா புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறாள். அவன் அப்பா தினமும் போன் செய்து, எல்லாப் பிள்ளைகளும் போட்டிருக்கிறார்களா என்று கேட்கிறார். அந்த அப்பாவின் பயத்தை ஒதுக்கிவிட்டு என்னால் வாதாட முடியாது. ஓமிக்ரான் அலையில் சின்னக் குழந்தைகளும் மருத்துவமனைக்குப் போனார்கள். அது கற்பனை அல்ல.

விலக்குக் கேட்டுக் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தபோதே ஏப்ரல் வந்தது. 4-ஆம் தேதி கட்டாயத்தை எடுக்க உத்தேசித்திருப்பதாக மேயர் எரிக் ஆடம்ஸ் முன்பே அறிவித்திருந்தார். 1-ஆம் தேதி, தொற்று ஏறுகிறது, நீடிக்கும் என்றார். அதே நாள், வேறு பெற்றோர் போட்டிருந்த வழக்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் நீதிபதி ரால்ஃப் போர்சியோ அந்த உத்தரவு தன்னிச்சையானது என்று ரத்து செய்தார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று செய்தி பரவியது. நியூயார்க்கில் அந்தப் பெயர் விசாரணை நீதிமன்றத்துக்கு. நகரம் உடனே மேல்முறையீடு செய்து, இரவுக்குள் அந்தத் தீர்ப்புக்குத் தடை வாங்கியது. சாயங்காலம் சந்தோஷமாகப் பேசிய கட்சிக்காரர் இரவு திரும்பக் கூப்பிட்டு, "திங்கட்கிழமை போடணுமா, வேண்டாமாக்கா?" என்றார். போடணும் என்றேன்.

தேதி போனது, புதுத் தேதி வரவில்லை. எப்போது முடியும், எது நடந்தால் முடியும் என்று தெரியாத கட்டுப்பாடுதான் பெற்றோரைக் கொதிக்க வைத்தது. துணி பெரிய விஷயமில்லை. பலர் இரண்டு வருடம் முணுமுணுக்காமல் மாட்டிவிட்டவர்கள். அவசரகால உத்தரவு போடுகிறவர்கள் அது முடியும் நிபந்தனையையும் அதிலேயே எழுத வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன். ஜூன் 13-இல் கட்டாயம் நீங்கியது. அந்த வயதுக்கான தடுப்பூசியை நோய்த்தடுப்பு மையம் பரிந்துரைத்தது ஜூன் 18-இல். மார்ச்சில் சொன்ன காரணம் நிறைவேறும் முன்பே விதி போய்விட்டது.

எங்கள் விலக்கு அதற்கு முன்பே, ஏப்ரல் கடைசியில் கிடைத்தது. ஸ்பீச் தெரபிஸ்டின் கடிதமும் மருத்துவரின் கடிதமும் கோப்பில் ஏறின. குழந்தையின் இடம் ஜன்னலோரம் மாறியது, அறைக்குக் காற்று வடிகட்டி வந்தது, டீச்சர் வாய் தெரியும் மாஸ்க்குக்கு மாறினார். அந்தப் பையனின் அப்பாவிடமும் பேசித்தான் இந்த ஏற்பாடு.

கட்சிக்காரர் அதோடு விடவில்லை. பின்தங்கிய மாதங்களுக்கு என்ன வழி என்று கேட்டார். மாவட்டத்தின் சிறப்புக் கல்விக் குழுவுக்கு மனு எழுதினோம். வாரத்துக்கு இரண்டு முறை நடந்த பேச்சுப் பயிற்சி, கோடையிலிருந்து மூன்று முறை ஆனது.