மேல் சட்ஜம் வேண்டாம்

கொல்லிமலைக்குப் பாடப் போகிறவன் முதலில் தொண்டையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறுகிற சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டியதும் காற்று குளிர்ந்துவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் குரல் போச்சு. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பேசாமல்தான் நான் போவேன்.

வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயில். பக்கத்தில் ஐயாறு. அதில் நீந்தும் மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டுத்தான் பலர் உள்ளே வருவார்கள். மீன்களையும் சுவாமியாகவே பார்க்கிற ஊர் அது. தேவாரம் பாடும் என்னைப் போன்ற ஓதுவாருக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. இது வைப்புத் தலம். தேவாரத்தில் பெயர் வருகிறது, தனிப் பதிகம் இல்லை. அப்பரின் க்ஷேத்திரக்கோவைத் திருத்தாண்டகத்தில் முதல் பாட்டிலேயே இந்த மலைக்கோயிலின் பெயர் இருக்கிறது. அதை அரிகாம்போதியில் பாடுவோம். அதற்கு முன்னால், கொல்லிப் பண்ணில் ஒரு பதிகம் பாடுவது என் வழக்கம். கொல்லிமலையில் கொல்லிப் பண்! பெயர்ப் பொருத்தம்தான், வேறொன்றுமில்லை. ஆனாலும் பாடும்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

இன்று கொல்லியை நவரோஜ் ராகத்தில் பாடுகிறோம். சங்கராபரணத்தின் பிள்ளைதான், ஆனால் அப்பாவைப் போல ஊர் சுற்றாது. கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி நடுப் பஞ்சமத்தோடு நின்றுவிடும். மேல் சட்ஜம் அதற்குக் கிடையாது. அதனால் இதற்குச் சுருதி வைக்கும்போது உச்சத்தைப் பார்க்கக் கூடாது, அடியைப் பார்க்க வேண்டும். கீழ்ப் பஞ்சமத்தில் சொல் தெளிவாகக் கேட்கிறதா என்பதுதான் கணக்கு. கச்சேரிக்காரர்கள் இந்த மாதிரி ராகத்துக்கு மத்திம சுருதி வைத்துக்கொள்வார்கள். கோயிலில் இருக்கிற சுருதிப் பெட்டியோடு சமாளிக்கிற நமக்கு அடிக்குரலைப் பழக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்பர் சைவத்துக்குத் திரும்பி வந்து திருவதிகையில் பாடிய முதல் பதிகம், ‘கூற்றாயினவாறு’, இந்தப் பண்ணில்தான் அமைந்திருக்கிறது. சூலை நோயில் துடித்தவர் பாடியது. இருபத்தைந்து வயதில் ஓர் ஆடி மாதம், அறப்பளீஸ்வரர் சந்நிதியில் அதைப் பாடினேன். நல்ல கூட்டம், என் குரலும் அன்று ஒத்துழைத்தது. நாலாவது பாட்டில் ஆசை வந்துவிட்டது. பஞ்சமத்திலிருந்து எழும்பி மேல் சட்ஜத்தில் போய் நின்றேன். ஜனம் கைதட்டியது. என் ஆசிரியர் தூண் ஓரமாக நின்றிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கு மேல். பாதி இறங்கியபின் கேட்டார்: “ஏப்பா, வயித்து வலிக்காரன் இப்படியா கத்துவான்?” நான் விடவில்லை. “நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்களே ஐயா?” என்றேன். பதில் வரவில்லை. மறுநாளிலிருந்து ஒரு மாதம் கீழ்ப் பஞ்சமத்துக்கும் சட்ஜத்துக்கும் நடுவிலேயே என்னைப் பாட வைத்தார். அதற்கு மேலே ஒரு ரிஷபம்கூடக் கிடையாது. முதல் வாரம் எரிச்சல். மூன்றாவது வாரம்தான் அந்த நாலு சுரத்துக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காதுக்கு எட்டியது. ‘கூற்றா’ என்று மூச்சு விட்டு ‘யினவாறு’ என்று தொடர்ந்து வந்த என் பழைய பிழையும் அப்போதுதான் பிடிபட்டது. குரல் பறந்துகொண்டிருந்தவரை சொல் உடைந்தது எனக்கே கேட்கவில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகள் தேவாரம் ஓதுவதைத் ‘திருப்பதியம் விண்ணப்பம் செய்தல்’ என்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 48 பிடாரர்களை அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளந்தது இதற்காகத்தான். விண்ணப்பம் கொடுக்கப் போகிறவன் வாசலில் நின்று தன் சாமர்த்தியத்தைக் காட்டமாட்டான். பக்தி என்றால் மனம் போனபடி உருகுவது என்று இப்போது நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உருக்கம் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. முறை தினமும் வரும்.

பஞ்சபுராணமும் அப்படித்தான். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் திருச்சிற்றம்பலம். கூட்ட நாளில் ‘சீக்கிரம்’ என்று கையைச் சுழற்றுவார்கள். சுருக்கிப் பாடலாம், வரிசையை மாற்றக் கூடாது.

முறைப்படி பாடுவது இந்த மலைக்குப் புதிதல்ல. புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டுகிற, இந்த மலையை ஆண்ட ஓரியை நினைத்துக்கொள்வேன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்திய வேட்டுவன். அவன் முன்னால் பாணர் கூட்டம் யாழும் முழவும் சேர்த்து, இருபத்தொரு துறைகளையும் முறைப்படி பாடி முடித்த பிறகே ‘கோ’ என்று அழைக்கிறது. அது தன் பெயர் என்பதால் அவன் நாணுகிறான். பாடியவர்களிடம் முறை இருந்தது, பாடப்பட்டவனிடம் அடக்கம் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

ஆசிரியர் இப்போது இல்லை. எனக்கும் குரல் இறங்கிவிட்டது. மேல் சட்ஜம் வேண்டுமென்றாலும் வராது. கீழ்ப் பஞ்சமம் மட்டும் முன்னைவிட நன்றாகப் பேசுகிறது.

அறப்பளீஸ்வரருக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சந்நிதியில் ஓதுவார் பாடி முடித்ததும் கைதட்டாதீர்கள். அவர் ‘திருச்சிற்றம்பலம்’ என்று சொல்லும்போது நீங்களும் கூடச் சேர்ந்து சொல்லுங்கள்.