அம்மிச்சி உட்காருவாங்க... ஸ்ப்ரிங்கைப் பார்த்துப் போடு!

"எத்தனை கிலோ போட்டிருக்கே?"

கோயமுத்தூர்ல கார் கிறுக்குப் பிடிச்ச பசங்க ரெண்டு பேர் சந்திச்சா, "சாப்பிட்டியா?"வுக்கு முன்னாடி வர்ற கேள்வி இதுதான். ஜிம் மேட்டர்னு நினைச்சுடாதீங்க. கார் சக்கரத்துக்கு மேல இருக்கற ஸ்ப்ரிங்கை 1 மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ பாரம் வேணும்ங்கிற கணக்கு அது. ஸ்ப்ரிங் ரேட்னு பேர். ஒருத்தன் "எட்டு"ம்பான். உடனே அடுத்தவன் "எனக்குப் பத்து"ம்பான். "எனக்கு ரெண்டரைதான்டா"னு யாரும் சொல்லி இதுவரைக்கும் நான் கேட்டதில்லை. பரீட்சை மார்க் மாதிரி, நம்பர் ஏற ஏற கெத்து!

பசங்களைச் சொல்லிக் குத்தமில்லை, ஊர் அப்படி. மாருதி இன்ஜினை வெச்சு ஃபார்முலா கார் கட்டின கரிவரதன் இந்த ஊர்க்காரர். 2005-ல இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். செட்டிபாளையத்துல கரிவரதன் பேர்லயே 2.1 கிலோமீட்டர் டிராக் இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில உட்கார்ந்தா, பக்கத்து பெஞ்சுல யாராவது கேம்பர் கோணம் பத்திப் பேசிட்டு இருப்பாங்க.

என் அண்ணனும் அந்தக் கோஷ்டிதான். அவன்கிட்ட இருக்கறது 2012 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. வருஷத்துக்கு மூணு, நாலு தடவை அதை டிராக்குக்கு ஓட்டிட்டுப் போவான். மீதி நாள் ஆபீஸ். அது போக, செவ்வாயும் வெள்ளியும் அம்மிச்சியை பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போறது. இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆகி அப்ப நாலு மாசம் ஆகியிருந்தது. முன் சீட்டை முழுசா பின்னாடி தள்ளி, தலையணை ஒண்ணு வெச்சு, மெதுவா உட்கார வைக்கணும். வீட்டுல இருக்கறது அந்த ஒரே கார். அதாவது டிராக் கார் எதுவோ, அதேதான் ஆம்புலன்ஸும்!

இந்த நேரம் பார்த்து அண்ணனோட ஃப்ரெண்ட் ஒருத்தர் தன் காயில்ஓவர் கிட்டை விக்கிறதா சொன்னார். ஸ்ப்ரிங்கும் டேம்பரும் ஒண்ணா சேர்ந்த செட். முன்னாடி 7 கிலோ, பின்னாடி 5 கிலோ. விலை அண்ணனோட ரெண்டு மாச சம்பளம். ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். "நீதான மெக்கானிக்கல் படிக்கிறே? கணக்குப் போட்டுச் சொல்லு பார்ப்போம்"னு என் தலையில கட்டிட்டான். மூணு வருஷத்துல முதல் தடவையா வீட்டுல என் படிப்புக்கு ஒரு கஸ்டமர்!

முதல்ல, இருக்கற ஸ்ப்ரிங் என்ன ரேட்னு தெரியணும்ல? வழக்கமா வண்டி விடற பட்டறையில ஒரு பக்கத்தைக் கழட்டிக் குடுத்தாங்க. கம்பி கனம் 12 மி.மீ., சுருளோட நடுவிட்டம் 120 மி.மீ., வேலை செய்யற சுத்து 5. கம்பி கனத்தோட நாலாம் அடுக்கு மேலே, விட்டத்தோட மூணாம் அடுக்கும் சுத்து எண்ணிக்கையும் கீழே. இதுதான் இரண்டாம் வருஷப் புத்தகத்துல இருக்கற ஃபார்முலா. விடை 2.4 கிலோ. லேப்ல மெஷின்ல வெச்சு 50 மி.மீ. அமுக்கினோம். 120 கிலோவை ஒட்டிக் காட்டுச்சு. ஃபார்முலா பொய் சொல்லலை.

அந்த நாலாம் அடுக்கு இருக்கே, அது பொல்லாதது. கம்பியை வெறும் 1 மில்லிமீட்டர் கனமாக்கினா ரேட் 3.3-க்குப் போயிடுது. கண்ணால பார்த்தா ரெண்டு ஸ்ப்ரிங்குக்கும் வித்தியாசமே தெரியாது.

பட்டறை அண்ணன்கிட்ட இதைவிட சீப்பான ஐடியா இருந்தது. "எதுக்கு பாப்பா அவ்ளோ செலவு? ஒரு சுத்து வெட்டி விட்டா வண்டியும் தாழ்ந்துக்கும், கெட்டியும் ஆயிக்கும். அவ்ளோதானுங்க"ன்னார். அவர் சொன்னதுல பாதி நிஜம். சுத்து 5-ல இருந்து 4 ஆனா ரேட் 2.4-ல இருந்து 3 ஆகும். மீதிப் பாதிதான் ஆபத்து. வெட்டின முனை கீழ்க்கிண்ணத்துல ஒழுங்கா உட்காராது. நீளம் குறைஞ்சதால, சக்கரம் பள்ளத்துல தொங்கற நேரத்துல ஸ்ப்ரிங் லூஸ் ஆகி இடம் மாறலாம். கேஸ் வெல்டிங் நெருப்புல வெட்டினா அந்த இடத்துல எஃகோட பதமே போயிடும். "அம்மிச்சி உட்கார்ற வண்டிங்கண்ணா"ன்னேன். அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கலை.

சரி, 7 கிலோ என்ன பண்ணும்?

இங்கே கிலோவை மறந்துட்டு ஹெர்ட்ஸுக்கு வரணும். கார் ஒரு ஸ்ப்ரிங் மேல உட்கார்ந்த பாரம். தட்டி விட்டா ஒரு நொடிக்கு இத்தனை தடவைனு ஆடும். எங்க வண்டியில முன் சக்கரம் ஒவ்வொண்ணு மேலயும் ஸ்ப்ரிங் தாங்கற எடை சுமார் 285 கிலோ. ஸ்ப்ரிங்கோட ரேட் அப்படியே சக்கரத்துக்கு வந்து சேராது. அது சாய்வா, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கறதால 90 சதவிகிதம்னு எடுத்துக்கிட்டேன். பழைய ஸ்ப்ரிங்குக்கு 1.4 ஹெர்ட்ஸ். 5 கிலோ போட்டா 2. ஏழு கிலோவுக்கு 2.3. சாதாரண குடும்பக் கார்கள் 1-ல இருந்து 1.5-க்குள்ள இருக்கும். இறக்கை வெச்சுக் காத்தை அமுக்காத ரேஸ் கார்கள் 2-ல இருந்து 2.5. அதாவது அந்த கிட்டைப் போட்டா அம்மிச்சி வாரத்துக்கு ரெண்டு நாள் ரேஸ் கார்ல பிசியோதெரபி போவாங்க!

மேலே கீழே ஆடற ஆட்டத்துல மனுஷ உடம்புக்கு ரொம்ப ஆகாதது 4-ல இருந்து 8 ஹெர்ட்ஸ் வரைக்கும். வயிறு, முதுகெலும்பு எல்லாம் சேர்ந்து ஆடற இடம் அது. ஸ்ப்ரிங் இறுக இறுக, ரோட்டுல இருந்து அந்த ரகக் குலுக்கல் சீட்டுக்கு அதிகமா வந்து சேரும். ரொம்ப மெத்துனு போனாலும் வம்பு. அரை ஹெர்ட்ஸுக்குக் கீழே போனா கப்பல் மாதிரி ஆடி வாந்திதான்.

நம்ம ரோட்டைப் பத்தியும் சொல்லியாகணும். இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்துல ஏறி இறங்கலாம். போத்தனூர்ல இருந்து சுந்தராபுரம் வரைக்கும் அப்படி ஒண்ணைக் கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க. எங்க தெருவுல இருக்கறதெல்லாம் ராத்திரியோட ராத்திரியா ஊர்க்காரங்களே போட்ட குட்டிச்சுவர்!

கணக்கைக் காட்டினதும் அண்ணன் ஒரே வரியில முடிச்சான். "கெட்டியா போட்டாத்தான்டி திருப்பத்துல எடை வெளிச்சக்கரத்துக்குப் போகாது."

டிராக் பசங்க எல்லாரும் இதைத்தான் நம்பறாங்க. ஆனா, திருப்பத்துல எடை மாறுறதுக்கும் ஸ்ப்ரிங்குக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்லை. காரோட எடை, எடைமையம் எவ்வளவு உயரம், ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல எவ்வளவு அகலம், எவ்வளவு வேகமா திருப்புறே... இதுதான் அதை முடிவு பண்ணும். டிரைவரோட சேர்த்து 1,040 கிலோ, எடைமையம் 55 செ.மீ., அகலம் 1.48 மீட்டர்னு வெச்சு, புவியீர்ப்புல 0.8 பங்கு வேகமுடுக்கத்துல திருப்பினா 309 கிலோ வெளிப்பக்கம் போகும். வண்டியை 3 செ.மீ. தாழ்த்தினா 292. இத்தனை பாடுபட்டு மிச்சம் 17 கிலோ. அண்ணன் தொப்பையைக் குறைச்சாலே பாதி வந்துடும்!

அப்ப ஸ்ப்ரிங்குக்கு என்ன வேலை? போற எடையில முன் ஜோடிக்கு எவ்வளவு, பின் ஜோடிக்கு எவ்வளவுனு பங்கு பிரிக்கறது. முன் சக்கரம் இழுக்கற கார்ல முன் டயர் ரெண்டும் ஏற்கெனவே இழுக்கவும் திருப்பவும் சேர்த்துப் படாதபாடு படும். முன்னாடி மட்டும் கெட்டி பண்ணினா மூக்கு திரும்பாம நேரா ஓடும். தாழ்த்தறதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகையில வண்டி தாழும்போது எடைமையம் இறங்கறதைவிட, வண்டி எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுமோ அந்தப் புள்ளி வேகமா இறங்கிடும். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி கூடும். விளைவு, தாழ்த்தின கார் முன்னைவிட அதிகமா சாயப் பார்க்கும். பார்க்க ரேஸ் கார், ஓட்டினா தொட்டில்.

ஆனா, அண்ணன் பக்கமும் நியாயம் இருந்தது. அதை நான் தெரிஞ்சுக்கிட்டது ஒரு கேபிள் டை மூலமா. டேம்பரோட தண்டுல ஒண்ணைக் கட்டி, கீழே ஒட்டி விட்டுட்டு, டிராக்குக்கு அனுப்பினோம். சக்கரம் எவ்வளவு மேலே வருதோ அவ்வளவு தூரம் அதுவும் தள்ளப்பட்டு அங்கேயே நிக்கும். இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. திரும்பி வந்தப்ப அது கடைசி ரப்பர் வரைக்கும் போய் ஒட்டியிருந்தது. கணக்கும் அதையேதான் சொல்லுச்சு. 0.9 பங்குக்கு பிரேக் போட்டா முன் சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் 106 கிலோ கூடுதலா வரும், மூக்கு சுமார் 5 செ.மீ. முக்கும். பிரேக் போட்டுக்கிட்டே திருப்பினா வெளிச்சக்கரத்துல இன்னும் அதிகம். ரப்பர் இடிச்ச அந்த நொடியில ஸ்ப்ரிங் ரேட் பல மடங்கு எகிறும். டயர் அதுவரைக்கும் பிடிச்சிருந்த பிடியைச் சட்டுனு விட்டுடலாம். அதுவும் வேகமான திருப்பத்துல! "போன தடவை மூக்கு நேரா போச்சுன்னேன்ல, இதுதான்"னான். சிரிக்கலை. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. மெத்துனு இருக்கறதும் பாதுகாப்பு இல்லைனு அப்பதான் உறைச்சது.

ஆக, 2.4 அவனுக்கு ஆபத்து. ஏழு அம்மிச்சிக்கு.

அந்த ஃப்ரெண்ட் சனிக்கிழமை வீட்டுக்கே காரைக் கொண்டு வந்தார், கிட் போட்டபடியே. நான் செல்போன்ல ஆட்டம் அளக்கற ஆப்பை ஓட விட்டு, மடியில தூக்குப்போசி நிறைய மோரோட பின் சீட்டுல உட்கார்ந்தேன். "நானும் ஒரு ரவுண்டு வர்றஞ் சாமி. எனக்குத்தான பாக்கறீங்க?"ன்னு அம்மிச்சி முன்னாடி ஏறிட்டாங்க. வேண்டாம்னா கேட்கற ஆளா? அஞ்சு நிமிஷ தூரம், இருபதுலதான் ஓட்டினார். முதல் வேகத்தடையில மோர் என் சுடிதார்ல. ரெண்டாவதுல அம்மிச்சி கதவு மேல இருக்கற பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு வார்த்தை பேசலை. இறங்கினப்பவும், "வண்டி நல்லாத்தான் கண்ணு இருக்குது"ன்னாங்க. பேரன் ஆசைப்பட்டது இல்லியா? அண்ணன் மட்டும் அந்தக் கையையே பார்த்துட்டு இருந்தான். கிராஃபை எடுத்துக் காட்டப் போனேன். "வேண்டாம், விடு"ன்னுட்டான்.

நாங்க கடைசியா வந்து நின்ன நம்பர் முன்னாடி மூணரை. 1.7 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே. அதே பிரேக்குக்கு 5 செ.மீ. முக்கினது மூணரை செ.மீ.க்குள்ள அடங்குது. வண்டியைத் தாழ்த்தவே இல்லை. அதனால ரப்பர் வரைக்கும் இருக்கற தூரம் அப்படியே மிச்சம். டிராக்ல ரப்பர் இடிக்காம இருக்க எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும்தான் கெட்டி, அதுக்கு மேல ஒரு கிராம் வேண்டாம்ங்கிறதுதான் நான் வெச்ச ஒரே ரூல்.

பின்னாடி ரேட்டை முன்பக்கத்தைவிடக் கொஞ்சூண்டு வேகமா ஆடற மாதிரி வெச்சோம். 1930-கள்ல ஜெனரல் மோட்டார்ஸ்ல மாரிஸ் ஆலினு ஒரு இன்ஜினீயர் கண்டுபிடிச்ச சூட்சுமம் அது. முன் சக்கரம் ஏறின மேட்டுல பின் சக்கரம் கொஞ்சம் தாமதமா ஏறும். 60 கிலோமீட்டர் வேகத்துல எங்க காருக்கு அது 0.15 நொடி. பின்பக்கம் வேகமா ஆடினா முன்பக்கத்தைத் துரத்திப் பிடிச்சுடும். கார் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடாம சீக்கிரம் சமமாயிடும். அம்மிச்சி இடுப்புக்கு 90 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் யோசிச்சு வெச்சிருக்கார்!

காசுல பெரும்பங்கு டேம்பருக்குத்தான் போச்சு. ஸ்ப்ரிங் ஆட்டும், டேம்பர்தான் நிறுத்தும். ரேட் 2.4-ல இருந்து 3.5 ஆனா, பழையபடி நிக்க டேம்பருக்கு 20 சதவிகிதம் கூடுதல் பலம் வேணும். பழைய டேம்பரோட புது ஸ்ப்ரிங்கைப் போட்டு, ரோட்டுல பந்து மாதிரி எகிறிக்கிட்டே போற வண்டிகளை நீங்களும் பார்த்திருப்பீங்க. மிச்சக் காசுல நல்ல டயர். டிராக்ல நேரம் குறையணும்னா முதல்ல அதைத்தான் மாத்தணும்ங்கிறது என் கட்சி.

ஒரு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுனு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. எந்த பார்ட்டைத் தொடறதுக்கு முன்னாடியும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்ஷூரன்ஸ்லயும் கேட்டுடுங்க. நாங்க கேட்டு, எழுத்துல வாங்கிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில எடுத்தோம். அதுக்கே மூணு வாரம்.

புது டேம்பர் தலையில ஒரு திருகு இருக்கு. எத்தனை கிளிக் திருப்புறோமோ அவ்வளவு இறுக்கம். அண்ணன் ஒரு சீட்டுல எழுதி டேஷ்போர்டு டிராயர் மூடிக்குள்ள ஒட்டி வெச்சிருக்கான். 'டிராக் - 11. ஆபீஸ் - 6. செவ்வாய், வெள்ளி - 3.'