தாயிழந்த கன்றுகள் காடு திரும்பும் உடவளவை

சப்ரகமுவ என்றதும் பலருக்கும் இரத்தினபுரியின் மாணிக்கக்கல்லும் கேகாலையின் இறப்பர் தோட்டங்களும்தான் நினைவுக்கு வரும். பிள்ளைகளைக் கேட்டால் 'பின்னவல' என்பார்கள். பாடசாலைச் சுற்றுலா என்றாலே அங்குதானே கூட்டிப் போகிறார்கள்! இதே மாகாணத்தின் மறுகோடியில், இரத்தினபுரி மாவட்டத்து உடவளவையில், தாயை இழந்த யானைக் கன்றுகளுக்கு இன்னுமோர் இல்லம் இருப்பது நம் வீடுகளில் அவ்வளவாகத் தெரியாது. இரண்டும் அநாதைக் கன்றுகளை எடுத்து வளர்க்கத் தொடங்கிய இடங்கள்தாம். வளர்த்த பின்பு என்ன செய்கிறார்கள் என்பதிலேதான் வித்தியாசம்.

பின்னவல 1975இல் ஆரம்பமானது. மாவனல்லைப் பக்கத்துச் சகோதரிகளுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மகா ஓயாவில் கூட்டமாக இறங்கிக் குளிக்கும் யானைகளைப் பார்க்க உலகமெங்குமிருந்து வருகிறார்கள். 1984 முதல் அங்கேயே கன்றுகள் பிறக்கின்றன. 2021இல் இரட்டைக் கன்றுகளும் பிறந்தன. பார்க்க அழகுதான். ஆனால் பாகனுக்கும் சங்கிலிக்கும் பழகிப்போன யானைக்குக் காட்டு வாழ்க்கை இனி எட்டாது.

உடவளவைக்கு நாங்கள் இரத்தினபுரியிலிருந்து வானில் போனோம். பெல்மதுளை, கஹவத்தை வரை வீதியின் இரு பக்கமும் தேயிலையும் இறப்பரும்தான். விடியற்காலையில் பால் வெட்டிய பெண்கள் வாளியோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். லயத்து வாசல்களில் உடுப்புகள் காய்ந்தன. இந்த மலைச்சரிவுகளெல்லாம் ஒரு காலத்தில் யானை நடமாடிய மழைக்காடுகள் என்று சொன்னால் பிள்ளைகள் நம்பவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காட்டை அழித்தார்கள். யானையைச் சுட்டுக் கொன்றவர்களுக்கு அரசாங்கமே வெகுமதி கொடுத்த காலமும் இருந்தது. காட்டை வெட்டியது தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழைகளின் கை. வெட்டச் சொன்ன வாய் வேறு. இன்று இலங்கையின் ஈரவலயத்தில் எஞ்சியிருக்கும் யானைகள் மிகச் சில. சிங்கராஜக் காட்டின் இரக்குவானைப் பக்கத்தில் இருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கொடகவெலயைத் தாண்டியதும் காற்றில் ஈரம் குறைகிறது. திம்போல்கெட்டியவில் இடப்பக்கம் திரும்பினால் வாழைத் தோட்டங்கள், தேக்கு மரங்கள், பிறகு நீர்த்தேக்கம். 308 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள உடவளவை தேசியப் பூங்கா 1972இல் பிரகடனப்படுத்தப்பட்டது. அதை ஒட்டியே வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் இந்த இல்லத்தை அமைத்தது. சிங்களத்தில் 'எத் அத்துரு செவன' என்பார்கள்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும் பகலிலும் கன்றுகளுக்குப் பால் கொடுக்கிறார்கள். கைக்குழந்தை வளர்த்த நமக்கு அது என்ன பாடு என்று தெரியும்! பார்வையாளர்கள் வேலிக்கு அப்பால் தூரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். கதவு திறந்ததும் கன்றுகள் சில சில சேர்ந்து ஓடி வருகின்றன. புனலில் ஊற்றிய பால் குழாய் வழியாக வாய்க்குள் போகிறது. போதும் என்று சொல்லத் தெரியாத ஒன்று அடுத்ததன் பங்குக்கும் தும்பிக்கையை நீட்டுகிறது. குடித்து முடித்ததும் தடவல் இல்லை, கொஞ்சல் இல்லை. இலை குழை தின்னவும் தங்களுக்குள் விளையாடவும் திறந்த வெளிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன், "உம்மா, தொட ஏலாதா?" என்று கேட்டான். "ஏலாது மகன். தொட்டுத் தொட்டுப் பழகினா அது காட்டுக்குப் போகாதே" என்றார் அந்தத் தாய். முழு விஷயமும் அதற்குள் அடங்கிவிட்டது.

இந்தக் கன்றுகள் ஏன் அநாதையாயின என்று விசாரித்தால் மனம் கனக்கிறது. விளைநிலத்துக்கு வந்த தாய் சுடப்பட்டிருக்கும். உணவுக்குள் மறைத்த 'ஹக்கபட்டாஸ்' என்னும் வெடி வாயைப் பிளந்திருக்கும். பாதுகாப்பில்லாத தோட்டக் கிணற்றில் கன்று விழுந்து, கூட்டம் விட்டுப் போயிருக்கும். கண்ணியில் மாட்டிக் காலை இழந்த கன்றும் உண்டு.

அபூதாவூதில் பதிவான ஒரு ஹதீஸ் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பயணத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளை எடுத்து இதை வருத்தியது யார் என்று கேட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு கட்டளையிட்டார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது! உடவளவையில் தாய் உயிரோடில்லை. ஆகவே காட்டிடமே திருப்பிக் கொடுக்கிறார்கள்.

ஐந்து வயதளவில், ஒன்றாக வளர்ந்த கன்றுகளைச் சேர்த்தே காட்டில் விடுகிறார்கள். சிலவற்றின் கழுத்தில் வானொலிப் பட்டி கட்டிப் பின்தொடர்கிறார்கள். முதல் தொகுதி 1998இல் விடப்பட்டது. இன்றுவரை நூற்றுக்கும் அதிகமானவை காடு சேர்ந்துவிட்டன. அவற்றில் சில பெண் யானைகள் காட்டு யானைகளோடு சேர்ந்து கன்றும் ஈன்றிருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.

ஓர் உயிரினம் ஓரிடத்தில் முற்றாக அழிந்துபோனால் இவ்வளவு இலகுவாகக் காரியம் நடக்காது. அரபு நாட்டுத் தீக்கோழியையே எடுத்துக்கொள்ளுங்கள். அல்மாயிதா சூராவின் 95ஆம் வசனம் இஹ்ராமில் வேட்டையாடியவருக்குப் பரிகாரம் விதிக்கிறது. தீக்கோழியைக் கொன்றால் ஒட்டகம் கொடுக்க வேண்டும் என்பது நம் ஷாபிஈ மத்ஹபின் சட்டம். அத்தனை பெரிய பறவை அது. துப்பாக்கியும் மோட்டார் வாகனமும் பாலைவனத்துக்கு வந்த பின் தாக்குப் பிடிக்கவில்லை. 1966இல் ஜோர்தானில் ஒன்று சாகும் தறுவாயில் காணப்பட்டதோடு அந்த இனம் முடிந்தது. தாயிபுக்கு வடகிழக்கே மஹாஸத் அஸ்ஸைத் என்ற சுமார் 2,200 சதுர கிலோமீற்றர் நிலத்தைச் சவூதி அரசாங்கம் 1988இல் பாதுகாப்பிடமாக்கி, சுற்றிலும் வேலி போட்டு, 1994இல் தீக்கோழிகளை விட்டது. அவையும் பழைய அரபுத் தீக்கோழிகளல்ல. அவற்றின் நெருங்கிய உறவான, ஆபிரிக்காவின் சிவந்த கழுத்துத் தீக்கோழிகள். அசல் போய்விட்டதே! மேய நிலம் வேண்டும் என்று முதலில் நிலத்தைக் காத்து, அதன் பிறகே பறவையைக் கொண்டுவந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சப்ரகமுவ மலைகளில் யானையை மீண்டும் விட யாரும் நினைத்தாலும் எங்கே விடுவது? தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே துண்டு துண்டாகத்தானே காடு கிடக்கிறது.

உடவளவையிலும் காடு முடிவில்லாதது அல்ல. பூங்காவைச் சுற்றிக் கரும்பும் வாழையும் நெல்லும் இருக்கின்றன. தணமல்வில போகும் வீதியோரம் மின்சார வேலிக்கு அப்பால் யானைகள் வந்து நின்று வாகனங்களைப் பார்த்துத் தும்பிக்கையை நீட்டுகின்றன. போகிற வருகிறவர்கள் பழம் கொடுத்துக் கொடுத்துப் பழக்கியதுதான். வீதிக்குப் பழகிய யானை நாளைக்கு வேலியை உடைக்கும். உடைத்தால் மனிதனும் சாவான், யானையும் சாகும். அதற்காகத்தான் உணவு கொடுப்பது தடுக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் வீதியோரக் கடைகளில் பழ வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கள் வானிலும் ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழம் இருந்தது. "ஒண்டு குடுப்பமே வாப்பா, பாவம்" என்று சின்ன மகள் கெஞ்சினாள். வாப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டார். அவள் கொஞ்ச நேரம் உம்மென்று இருந்தாள். தணமல்வில வந்து சேருவதற்குள் அந்தச் சீப்பை நாங்களே தின்று முடித்துவிட்டோம்.